காப்புக் கட்டிய எட்டு நாள்

அம்மை குத்துகிற வேலைக்கு நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. யுத்த காலம். ஆண்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், எட்டாவது படித்த பெண்களையும் ஜில்லா போர்டில் எடுத்தார்கள். தாமிரபரணித் தண்ணீரில் முங்கிக் குளித்து வளர்ந்த என்னைக் கொண்டுபோய் அருப்புக்கோட்டையில் போட்டார்கள். நெசவாளர் தெருவில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். நான் வந்து நின்றால் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார்கள் என்றாலும், ஒவ்வொரு முறையும் நான் வெளியூர்க்காரி என்பது எனக்கு உறைக்கும்.

முதல் ஆறு மாதம் தற்காலிக வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீடு என்று எனக்கு இருந்தது அண்ணன் வீடு. என் கணவர் கொழும்புக்குப் போய் மூன்று வருடமாகக் கடிதம் இல்லை. அந்த மூன்று வருடமும் அண்ணியின் அடுப்படியில் நான் எப்படி இருந்தேன் என்று எழுத எனக்கு இன்றைக்கும் விருப்பம் இல்லை. அந்த அடுப்படிக்குத் திரும்பக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மனத்தில் இருந்தது.

வேலை இதுதான். மதராஸிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்து வரும். சூடு பட்டால் அது செத்துப்போகும். குழந்தையின் மேல்கையில் ஒரு சொட்டு வைத்து, பல் வைத்த சிறிய வட்ட ஊசியால் அந்த இடத்தில் அழுத்தித் திருக வேண்டும். எட்டாம் நாள் போய்ப் பார்க்கும்போது அங்கே கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். எழும்பாவிட்டால் குத்தியதற்கு அர்த்தம் இல்லை.

எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் பெண்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பது அவருடைய தீர்மானம். அதை நிரூபிக்கத்தானோ என்னவோ, எனக்கு முன்னால் இரண்டு ஆண்கள் கைகழுவிய ஓர் ஊரை எடுத்து என்னிடம் கொடுத்தார். பரளச்சிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, எண்பது வீடு உள்ள கிராமம்.

“இந்த ஊரை முடிச்சுக் காட்டும்மா. நிரந்தரத்துக்கு நானே எழுதுறேன். முடியலைன்னா வம்பு வேண்டாம், பேசாம ஊருக்கு ரயில் ஏறிடு” என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் தடவை நான் போனபோது ஊரில் ஒரு குழந்தைகூடக் கண்ணில் படவில்லை. முதல் தெருவிலேயே ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் கனத்த பாம்படம். கோயில் கும்மிக்கு அவள்தான் முன்பாட்டுக்காரி என்பதும், அந்த ஊர்ப் பெண்களில் அவள் பேச்சை மீறுகிறவர் யாரும் இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“பிள்ளைகளா? இந்த ஊர்ல பிள்ளையே கிடையாது ஊசிக்காரம்மா. எல்லாம் கெழடுகட்டைகதான்” என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தானியக் குலுக்கைக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “பூனை” என்றாள்.

இரண்டாம் தடவை கிராம முன்சீப்பின் உத்தரவோடு போனேன். தலையாரி வீடு வீடாகப் போய்ப் பதினொரு குழந்தைகளை இழுத்து வந்தார். குத்தினேன். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் பதினொரு கையும் வழுவழுவென்று இருந்தது. நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரால் எல்லாக் கையையும் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அறைவரைக்கும் சுமந்துகொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

அழுது முடித்த பிறகு யோசித்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் காலை பஸ்ஸில் போய் மத்தியான பஸ்ஸில் திரும்பி விடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பங்குனி மாதம், பருத்தி எடுப்பு. பெண்கள் எல்லோரும் காட்டில் இருப்பார்கள். சாயங்காலம் அவர்கள் திரும்புகிற நேரத்தில் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தோன்றியது. திரும்புவதற்கு பஸ் இருக்காது. பரளச்சிக்கு நடந்து போய், அங்கே வாத்தியார் வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டேன்.

அப்படிப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவெல்லாம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. என்ன விசேஷம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காட்டிலிருந்து வந்த பெண்கள் யாரும் என்னோடு உட்காரவும் இல்லை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதன் கீழே காதில் பாம்படத்தோடு அவள் நின்றாள்.

“ஏத்தா, எங்க போற? காப்புக் கட்டியாச்சு.”

மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருந்தவர்கள் எட்டு நாளும் ஊருக்குள்தான் படுக்க வேண்டும். வேலைக்கு வெளியே போகலாம். பொழுது இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். விருந்தாளியாக இருந்தாலும் சரி, வளையல் விற்க வந்தவராக இருந்தாலும் சரி. மீறினால் ஊருக்கு ஆகாது. எங்கள் ஊரிலும் காப்பு உண்டு. ஆனால் அங்கே அது பூசாரி கையில் கட்டுகிற மஞ்சள் கயிற்றோடு சரி. என்னைக் கட்டும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

“நான் சர்க்கார் ஆளு” என்றேன்.

“போறதுன்னா போங்க. கையப் புடிச்சா இழுக்கோம்? ஆனா இனிமே இந்தப் பக்கம் வராதீக.”

இரண்டு தடவை என்னை விரட்டிய ஊர், மூன்றாவது தடவை போகவிடமாட்டேன் என்கிறது. தோரணத்தைத் தாண்ட எனக்கு ஓர் எட்டு போதும். தாண்டினால் இந்த ஊர் எனக்கு இல்லை, இந்த ஊர் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. திரும்பி நடந்தேன்.

“எங்கே படுக்கிறது?” என்று கேட்டேன்.

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் முழித்தாள். பிறகு, “நிறுத்துனவ நாந்தான. எங்க வீட்டுலதான் படுக்கணும்” என்றாள்.

அவளுடைய புருஷன் தொழுவத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனான். பத்து வயதில் ஒரு மகன். நாலு வயதில் ஒரு மகள், அன்றைக்குக் குலுக்கைக்குள் கத்திய பூனை.

மறுநாள் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பரளச்சி, ரெட்டியபட்டி, சுற்றியுள்ள சின்ன ஊர்கள் எல்லாம் என் வட்டத்தில்தான் இருந்தன. பகலெல்லாம் அங்கே குத்திவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடந்து வந்து தோரணத்துக்குள் நுழைவேன். போக நாலு மைல், வர நாலு மைல் என்றால் அது நல்ல நாள். சில நாள் ஆறு, ஏழு ஆகும். கரிசல் மண் பங்குனியில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கால் நுழைந்தால் கணுக்கால் போச்சு. வரப்பில் நடந்தால் உடைமுள் குத்தும். வீட்டில் எட்டு நாளும் தாளிதம் கிடையாது, கம்பஞ்சோறும் உப்புப் போட்ட மோரும்தான். அவள் எனக்கு ஊற்றுவாள். ஆனால் பேசமாட்டாள். நானும் அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பு முடிகிறவரை அந்த ஊரில் ஊசியை வெளியே எடுப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை அம்மைப்பால் தீர்ந்துவிட்டது. புதுக் குழாய் வாங்க அருப்புக்கோட்டைக்கே போக வேண்டும். கோழி கூப்பிடக் கிளம்பி ரெட்டியபட்டியில் பஸ் பிடித்தேன்.

ஆபீஸில் இன்ஸ்பெக்டருக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. “என்னம்மா, ஊர்க்காரங்க புடிச்சுக் கட்டிப் போட்டுட்டாங்களாமே?” என்றார். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, “காலைப் பாரு, எப்படி வெடிச்சிருக்கு. பேசாம ரூம்ல போய்ப் படு. காப்பாவது கீப்பாவது! திருவிழா முடியட்டும், போலீஸ் துணையோட வேற ஆளை அனுப்பிக்கலாம்” என்றார்.

“வேற ஆளு போனா அப்புறம் நான் எதுக்கு சார்?”

மாதக் கடைசிக்குள் அந்த ஊரின் முடிவு தெரியாவிட்டால் என் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். ஈர மணல் போட்ட கலயத்தில் குழாய்களைப் பதித்து, ஈரத்துணி சுற்றி வாங்கிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் பெட்ரோல் கிடைக்காது. பஸ்களுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் நாம் இறங்கித் தள்ள வேண்டும். அன்றைக்கு மத்தியான பஸ் பாதி வழியில் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. டிரைவர் அடுப்பைக் கிண்டிப் பார்த்துவிட்டு, “இது கெளம்பப் பொழுது சாஞ்சிரும்மா, எல்லாரும் அந்த மர நெழல்ல உக்காருங்க” என்றார். உட்காரலாம். பஸ் நின்றது என் குற்றமில்லை, யார் கேட்டாலும் சொல்லலாம். ஆனால் அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நான் வரவில்லை என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பதினோரு மைல் இருக்கும். ரெட்டியபட்டி தாண்டியதும் செருப்பு வார் அறுந்தது. தூக்கி எறிந்துவிட்டு நடந்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைக் கலயத்துத் துணியில் ஊற்றினேன். தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். இன்ஸ்பெக்டரைத் திட்டினேன், கொழும்புக்குப் போனவரைத் திட்டினேன், மாரியம்மனையும் ஒரு வார்த்தை சொன்னேன். கடைசி ஒரு மைல் ஓடினேன். இருபத்து மூன்று வயதுப் பொம்பளை வெட்டவெளியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதை ஆடு மேய்த்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

தோரணம் தெரிந்தபோது சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் எல்லையில் நின்றிருந்தார்கள். நான் குனிந்து உள்ளே நுழைந்து, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

“வரமாட்டேன்னு சொன்னாளுக. டவுனுக்குப் போனவ எங்க திரும்புவான்னாளுக” என்றாள் பாம்படக்காரி. என்னைக் கைப்பிடித்து எழுப்பிக்கொண்டே, “நானும் அப்பிடித்தான் நெனச்சேன்” என்றாள்.

வீட்டில் என் காலை இழுத்து மடியில் வைத்து, ஊசியால் முள்ளை எடுத்தாள். ஏழு முள். எடுத்துக்கொண்டே மகனைக் கூப்பிட்டு அவன் சட்டையைத் தோள்வரை தூக்கிக் காட்டினாள். மேல்கையில் ஓர் எலுமிச்சை அளவுக்குக் குழி விழுந்த தழும்பு.

“ஆறு வருசத்துக்கு முன்னால ஒருத்தன் வந்து குத்துனான். எட்டாம் நாளு வாரேன்னுட்டுப் போனான். கை வீங்கிச் சீப்புடிச்சுப் போச்சு. புள்ள காய்ச்சல்ல கெடந்து பெனாத்துது. தெனமும் ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன், இன்னைக்கு வருவான் நாளைக்கு வருவான்னு. வரவே இல்ல. இந்த ஊர்ல ஒருத்தியும் அத மறக்கல.”

அம்மனுக்குப் பயந்து கழுவுகிறார்கள் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆளைத் திட்ட வாயைத் திறந்தேன். என்னவென்று திட்டுவது? நானும்தான் மூன்று தடவை வந்திருந்தேன். ஏன் கழுவினீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொங்கல் முடிந்தது. முளைப்பாரியைக் கொண்டுபோய் ஊருணியில் கரைத்தார்கள். புதன்கிழமை காலையில் காப்பு அவிழ்த்தார்கள். நான் அவள் வீட்டு வாசலில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, காப்புக் கட்டியதிலிருந்து முதன்முதலாக ஊசியை வெளியே எடுத்தேன். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார்கள்.

“எட்டு நாள் உங்க காப்பை நான் ஒரு நாளாவது மீறினேனா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார்கள்.

“இப்ப நான் ஒரு காப்புக் கட்டுறேன். குத்தின கையை எட்டு நாள் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, சொரியவிடக் கூடாது. எட்டு நாளும் பொழுது சாய நான் வந்து ஒவ்வொரு கையா பார்ப்பேன். வீங்கினாலும் பார்ப்பேன், காய்ச்சல் அடிச்சாலும் பார்ப்பேன். ஒரு நாள் நான் வராம இருந்தா, அன்னைக்கே எல்லாரும் கழுவிடுங்க.”

யாரும் நகரவில்லை. பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைத் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தன் பேரனை முன்னால் தள்ளிவிட்டார். அடுத்து நாலு வயதுப் பூனை வந்தது. பகல் சாப்பாட்டு வேளைக்குள் முப்பத்து நாலு பிள்ளைகளுக்குக் குத்தி முடித்தேன்.

எட்டு நாளும் போனேன். இரண்டு பிள்ளைகளுக்குக் கை வீங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீக்கம் வடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வடிந்தது. எட்டாம் நாள் இன்ஸ்பெக்டரும் என்னோடு வந்தார். மாட்டுவண்டியில் வந்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொப்புளம் தளதளவென்று எழும்பி நின்றது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசியாக வந்தது பாம்படக்காரியின் மகள். அவள் கை வழுவழுவென்று இருந்தது. ஏழாம் நாளே பார்த்திருந்தேன். ஒரு நாள் தாமதமாக எழும்பலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

“பாத்தியா? கழுவியிருக்கா. இந்த ஊரே இவ சொல்றதைத்தான் கேக்கும். நாம போனதும் மத்தவங்களும் இதைத்தான் செய்வாங்க” என்று சொல்லி இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

பாம்படக்காரியின் முகம் சிவந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்திருப்பாள். அவள் கழுவவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த எட்டு நாளில் அவள் மகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நான் அந்தப் பிள்ளைக்கு உபயோகித்த குழாய், நான் நடந்து வந்த அந்தச் சனிக்கிழமை வெயிலில் கலயத்தில் மேலாக இருந்தது. மேல்துணி காய்ந்துபோயிருந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் அவசரத்தில் உபயோகித்தேன். சொல்லாமல் இருந்தால் முப்பத்து மூன்று கையோடு என் வேலை உறுதியாகிவிடும்.

“அவங்க கழுவலை சார். பால் செத்துப் போயிருந்தது. தப்பு என்னோடது” என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “இதை நான் எழுதட்டுமா?”

“எழுதுங்க.”

அவர் எழுதத் தொடங்குவதற்குள் பாம்படக்காரி மகளைத் தூக்கி என் முன்னால் கொண்டுவந்து, அவளுடைய மற்றொரு கையை நீட்டினாள்.

“பால் செத்தா வேற பால் ஊத்து. இன்னொரு எட்டு நாளு காப்போட இருந்துட்டுப் போறோம்.”

“என்னம்மா இது? தப்பா குத்திட்டேன்னு இவங்களே சொல்றாங்க. மறுபடியும் இவங்ககிட்டயே கையை நீட்டுறியே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் அப்போதுதான் அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியையும் பூட்ஸையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“அவுக எங்க வீட்டுல இருக்கிறவுக” என்றாள். “நீங்க யாரு? வெளியூரா?”

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்து ஊசி தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, புதுக் குழாய் ஒன்றை உடைத்து, அந்தச் சின்னக் கையைப் பிடித்தேன்.